பித்தளைக் கணக்கன்



கடையொன்றில் பொருள் வாங்கிக்கொண்டு பணத்தை நீட்டுகிறோம். ஊழியர் அதனைப் பெற்றுக் கல்லாவில் இடுகிறார். மீதிச் சில்லறையை எண்ணித் தருகிறார். நாளும் நிகழும் இச்சிறு செயலில் மூவருக்குப் பங்குண்டு: வாங்குகின்றவர், விற்கின்ற ஊழியர், கடையின் உரிமையாளர். முதல் இருவரும் நேருக்கு நேர் நிற்கின்றனர். மூன்றாமவரோ பெரும்பாலும் அவ்விடத்தில் இருப்பதில்லை. தமக்குரிய காசு முழுவதும் பெட்டியைச் சேர்ந்ததா என்று அவர் எங்ஙனம் அறிவார்? இதனினும் கடினமான வினா ஒன்றுண்டு. மாலையில் கணக்குக் குறைந்தால், ஒரு காசும் தொடாத நல்ல ஊழியர், தாம் குற்றமற்றவர் என்பதை எங்ஙனம் மெய்ப்பிப்பார்?

இவ்விரு வினாக்களுக்கும் விடையாகப் பிறந்ததுதான் ‘கேஷ் ரிஜிஸ்டர்’ எனப்படும் பணப்பதிவுப் பொறி. மின்சாரமின்றி, நெம்புகோலும் பற்சக்கரமும் சுருள்வில்லும் கொண்டு இயங்கிய அப்பழைய பித்தளைப் பொறியின் உள்ளமைப்பை இத்திங்கள் காண்போம்.

கப்பலில் உதித்த எண்ணம்

அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தில் டேட்டன் என்னும் நகரம் உள்ளது. அங்கே மதுக்கடை நடத்திவந்தவர் ஜேம்ஸ் ரிட்டி. கடையில் கூட்டத்திற்குக் குறைவில்லை. கையில்தான் காசு தங்கவில்லை. ஊழியர் சிலர் வாங்கும் பணத்தைக் கல்லாவில் போடாமல் தம் பையில் போட்டுக்கொண்டதே அதற்குக் காரணம். ஆளை மாற்றியும் நிலை மாறவில்லை.

1878-ஆம் ஆண்டில் அவர் நீராவிக் கப்பலில் ஐரோப்பாவுக்குப் பயணமானார். கப்பலின் பொறியறையில் ஒரு கருவியைக் கண்டார். கப்பலைச் செலுத்தும் சுழலி எத்தனை முறை சுற்றியது என்பதை அது இடைவிடாது எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தது. ‘சுழலியின் சுற்றுகளை எண்ணும் பொறி, என் கடையில் கைமாறும் காசுகளையும் எண்ணாதா?’ என்ற எண்ணம் அவருக்குள் எழுந்தது. ஊர் திரும்பியதும், பொறித்தொழில் அறிந்த தம் உடன்பிறந்தார் ஜான் ரிட்டியுடன் சேர்ந்து முயன்றார். 1879 நவம்பர் 4-ஆம் நாள் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது. அப்பொறிக்கு அவர்கள் இட்ட பெயர், ‘கையூட்டுக்கு மசியாத காசாளர்’ என்று பொருள்படுவது.

முதற்பொறி கடிகாரத்தைப் போன்றது. அதன் வட்டமுகத்தில் இரு முட்கள் இருந்தன. ஒன்று டாலரையும் மற்றது சென்ட்டையும் காட்டின. (ஒரு டாலர் என்பது நூறு சென்ட்.) விசைகளை அழுத்தினால் முட்கள் நகரும். பணம் வைக்க இழுப்பறை கிடையாது. தொகையைக் காட்டுவதோடு அதன் பணி முடிந்தது. பின்னர் வந்த ஒரு வகையில் தாள்சுருள் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு தொகைக்கும் தாளில் ஒரு பத்தி உண்டு. விசையை அழுத்தும்போது உரிய பத்தியில் ஊசி ஒரு துளையிடும். மாலையில் உரிமையாளர் தாளை எடுத்துத் துளைகளை எண்ணுவார். ஐந்து சென்ட் பத்தியில் பன்னிரண்டு துளைகள் இருந்தால் அறுபது சென்ட் என்று கணக்கிடுவார்.

ரிட்டியால் இத்தொழிலைப் பெருக்க இயலவில்லை. 1881-ஆம் ஆண்டில் உரிமையை ஜேக்கப் எக்கர்ட் என்பவருக்கு விற்றுவிட்டு மதுக்கடைக்கே திரும்பினார். எக்கர்ட்டின் காலத்தில்தான் பொறியோடு இழுப்பறையும் மணியும் இணைந்தன.

ஒரே அசைவு, மூன்று இடங்கள்

இனி, பொறியின் உள்ளே புகுவோம்.

முதலில் விசை. நம் ஊர்க் கிணறுகளில் இருந்த ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். துலாவின் ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயரும். தொடக்ககாலப் பொறியின் ஒவ்வொரு விசையும் இத்தகைய துலாவே. ஊழியர் முன்முனையை அழுத்தினால் உள்ளிருக்கும் பின்முனை மேலெழும். அது தன்மேல் நிற்கும் மெல்லிய கம்பியைத் தூக்கும். அக்கம்பியின் உச்சியில் தொகை எழுதிய சிறு தகடு உண்டு. தகடு உயர்ந்து, பொறியின் உச்சியிலுள்ள கண்ணாடிச் சாளரத்தில் வந்து நிற்கும். ‘வாங்கிய தொகை’ என்று பொருள்படும் சொற்கள் அச்சாளரத்திற்கு மேல் பெரிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். தகட்டின் இருபுறமும் எண் இருப்பதால் முன்னே நிற்கும் வாங்குபவரும் பின்னே நிற்கும் ஊழியரும் ஒருங்கே காண்பர். விசையிலிருந்து கையை எடுத்தாலும் தகடு விழாது. குறுக்கே உள்ள சட்டமொன்று அதைத் தாங்கி நிற்கும். அடுத்த விற்பனைக்கு விசையை அழுத்தும்போதுதான் அச்சட்டம் விலகிப் பழைய தகட்டை விடுவிக்கும்.

அதே அழுத்தம் வேறு இரு வேலைகளையும் செய்கிறது. இழுப்பறையைப் பூட்டி வைத்திருக்கும் கொக்கியை விலக்குகிறது. உடனே பின்னாலுள்ள சுருள்வில் இழுப்பறையை வெளியே தள்ள, மணி ஒலிக்கிறது. உள்ளே இருக்கும் எண்ணுசக்கரத்தையும் உரிய அளவுக்குச் சுழற்றிவிடுகிறது.

பிற்காலத்துப் பெரிய பொறிகளில் ஒன்றுகள், பத்துகள், நூறுகள் என்று விசைகள் வரிசை வரிசையாக அமைந்தன. முப்பத்தைந்து சென்ட் என்றால் பத்துகளின் வரிசையில் 3, ஒன்றுகளின் வரிசையில் 5 ஆகிய விசைகளை அழுத்திவிட்டுப் பக்கவாட்டிலுள்ள கைப்பிடியைச் சுற்றவேண்டும். கைப்பிடி சுற்றும்போது ஒவ்வொரு வரிசைக்கும் உரிய பற்சட்டம் ஒன்று நகரத் தொடங்கும். அழுத்தப்பட்ட விசையின் அடிக்கால் அதன் வழியில் தடையாக நிற்கும். 3 என்ற விசை மூன்று படியளவில் தடுக்கும். 5 என்ற விசை ஐந்து படியளவில் தடுக்கும். பற்சட்டம் எத்தனை படி நகர்ந்ததோ அத்தனை படிக்குச் சக்கரமும் சுழலும்.

இங்கேதான் இப்பொறியின் உயிர்நாடி உள்ளது. சாளரத்தில் எண்ணைக் காட்டுவதும், உள்ளே மொத்தத்தில் கூட்டுவதும், தாளில் அச்சிடும் எழுத்துச் சக்கரத்தைத் திருப்புவதும் ஒரே அசைவின் விளைவுகள். எனவே வாங்குபவருக்கு ஓர் எண்ணைக் காட்டிவிட்டு உள்ளே வேறோர் எண்ணைப் பதிவதற்கு வழியில்லை. ஏட்டில் எழுதும் கணக்கில், வாய் ஒன்று சொல்லக் கை ஒன்று எழுதலாம். பித்தளைக் கணக்கனுக்கு வாயும் கையும் ஒன்றே.

விசையைப் பாதி அழுத்தி, மணி ஒலித்ததும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். அதற்கும் காப்பு அமைத்தனர். ஒருபக்கம் மட்டும் செல்லவிடும் பற்பூட்டு ஒன்று உள்ளே உண்டு. அழுத்தத் தொடங்கிய விசை, அடிவரை சென்றாலன்றி மேலே திரும்பாது. தொடங்கியதை முடித்தே ஆகவேண்டும்.

பற்சக்கரம் கூட்டல் போடுவது எவ்வாறு?

எண்ணுசக்கரம் ஒவ்வொன்றின் விளிம்பிலும் 0 முதல் 9 வரை எண்கள் உள்ளன. ஒன்றுகளுக்கு ஒரு சக்கரம், பத்துகளுக்கு ஒன்று, நூறுகளுக்கு ஒன்று என அவை அருகருகே நிற்கின்றன. சக்கரம் 9-ஐக் கடந்து 0-க்கு வரும்போது, அதில் துருத்தி நிற்கும் ஒரு பல் சிறு நெம்புகோலைத் தட்டும். அந்நெம்புகோல் இடப்பக்கத்துச் சக்கரத்தை ஒரே ஒரு படி முன்னே தள்ளும். பள்ளியில் நம் பிள்ளைகள், ‘மீதி ஒன்று’ என்று சொல்லி அடுத்த இலக்கத்தோடு சேர்க்கிறார்களே, அதே செயல்தான் இது.

எடுத்துக்காட்டாக, பொறியில் ஏற்கெனவே 9 டாலர் 80 சென்ட் சேர்ந்திருக்கிறது எனக் கொள்வோம். இப்போது 35 சென்ட் விற்பனை. ஒன்றுகளின் சக்கரம் 0-இலிருந்து ஐந்து படி சென்று 5-இல் நிற்கிறது. பத்துகளின் சக்கரம் 8-இலிருந்து மூன்று படி நகர்ந்து 9, 0, 1 எனச் சுழன்று 1-இல் நிற்கிறது. 0-ஐக் கடந்தபோது தட்டப்பட்ட நெம்புகோல், டாலர் சக்கரத்தை 9-இலிருந்து 0-க்குத் தள்ளுகிறது. அதுவும் 0-க்கு வந்ததால் அடுத்த சக்கரம் 0-இலிருந்து 1-க்கு நகர்கிறது. முடிவில் 10 டாலர் 15 சென்ட் என்று நிற்கிறது. எவரும் மனக்கணக்குப் போடவில்லை. கணக்குத் தவறவும் இல்லை.

‘மீதி ஒன்றை’ச் சக்கரத்தால் கடத்தும் இவ்வழி, ரிட்டிக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பழைமையானது. பிரான்சு நாட்டு அறிஞர் பிளேஸ் பாஸ்கல், வரிக் கணக்குகளோடு போராடிய தம் தந்தையின் சுமையைக் குறைப்பதற்காக 1642-ஆம் ஆண்டில் கூட்டல் பொறி ஒன்றை அமைக்கத் தொடங்கினார். அப்போது அவர் இருபது வயது நிரம்பாத இளைஞர். தந்தைக்கு உதவ மகன் கண்ட வழி, பின்னாளில் உலகத்தின் கடைகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தது.

பூட்டும் திறவுகோலும்

மொத்தத் தொகையைக் காட்டும் சக்கரங்கள் பூட்டிய மூடியின் உள்ளே இருந்தன. திறவுகோல் உரிமையாளரிடம் மட்டுமே இருக்கும். காலையில் சில்லறைக்கென ஐந்து டாலர் இழுப்பறையில் வைக்கப்படுகிறது என்போம். மாலையில் மூடியைத் திறந்தால் சக்கரங்கள் 63 டாலர் 40 சென்ட் காட்டுகின்றன. ஆகவே இழுப்பறையில் 68 டாலர் 40 சென்ட் இருக்கவேண்டும். எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். பின் மற்றொரு திறவுகோலால் சக்கரங்களை மீண்டும் 0-க்குக் கொண்டுவருவர். பல பொறிகளில், இவ்வாறு எத்தனை முறை 0-க்குத் திருப்பப்பட்டது என்பதையும் ஒரு தனிச்சக்கரம் எண்ணிவைத்தது. கண்காணிப்பவரையும் கண்காணிக்க ஏற்பாடு இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஊழியர் பலர் பணிபுரியும் கடைகளுக்கென ஒவ்வொருவருக்கும் தனி எழுத்துவிசையும், சில பொறிகளில் தனி இழுப்பறையும் அமைக்கப்பட்டன. ஒருவர் செய்த பிழைக்கு மற்றவர் பொறுப்பேற்க வேண்டாத நிலை இதனால் உண்டாயிற்று.

திருடனைப் பிடிக்கும் பொறியா?

இப்பொறியை உலகெங்கும் பரப்பியவர் ஜான் பாட்டர்சன். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கான கடையொன்றை அவர் ஒகையோவில் நடத்திவந்தார். விற்பனை நன்றாக இருந்தும் நட்டமே மிஞ்சியது. ரிட்டியின் பொறிகளை வரவழைத்து வைத்த பின் கடையின் நிலை சீர்பட்டது. அதனால் 1884-ஆம் ஆண்டில் 6,500 டாலர் கொடுத்து அந்நிறுவனத்தையே தம்வயப்படுத்தி, ‘நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனி’ என்று பெயரிட்டார். 1911-ஆம் ஆண்டளவில் அந்நிறுவனம் விற்ற பொறிகள் பத்து இலட்சத்தை எட்டின. 1906-இல் சார்லஸ் கெட்டரிங் என்னும் பொறிஞர், கைப்பிடிக்கு மாறாக மின்மோட்டாரால் இயங்கும் வகையை அங்கே உருவாக்கினார். பூவேலைப்பாடு மிக்க பித்தளை உடலோ முதல் உலகப் போர்க்காலத்து உலோகத் தட்டுப்பாட்டோடு மறையலாயிற்று.

தொடக்கத்தில் ஊழியர்கள் இப்பொறியை வெறுத்தனர். ‘திருடனைப் பிடிக்கும் பொறி’ என்று பழித்தனர். அவர்கள் மனம் புண்பட்டதில் வியப்பில்லை. பல ஆண்டு உண்மையாய் உழைத்தவரின் முன்னே திடீரென ஒரு பூட்டிய பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால், ‘என்னை நம்பவில்லையா?’ என்றுதான் கேட்கத் தோன்றும்.

ஆனால் சற்று ஆழ்ந்து நோக்குவோம். பொறி இல்லாத கடையில் நூறு டாலர் குறைந்தால் ஐயம் யார்மேல் விழும்? எடுத்தவர்மேல் மட்டுமா? அங்கே பணிபுரியும் ஐவர்மீதும் விழும். எடுக்காத நால்வரும் அன்றிரவு உறக்கமின்றித் தவிப்பர். தம் நேர்மைக்குச் சொல்லைத் தவிர வேறு சான்று அவர்களிடம் இல்லை. எடுத்தவனும் அதே சொல்லைத்தான் சொல்வான். பொறி இருக்கும் கடையிலோ நேர்மையாளரின் சொல்லுக்குப் பின்னால் சக்கரங்களின் சாட்சி நிற்கிறது. கள்வனுக்கு இடையூறான அதே பெட்டி, நல்லவனுக்கு அரணாக அமைகிறது. மற்றொரு நன்மையும் உண்டு. எண்ணாத காசு கண்முன் கிடக்கும்போது, வறுமையில் வாடும் இளைஞன் ஒருவனுக்கு அது பெருஞ்சோதனை. விழுந்தபின் தண்டிப்பதைவிட, விழாதிருக்க வழிசெய்வது இரக்கமுள்ள செயலன்றோ?

பொறியால் இயலாதது

இப்பொறி எல்லாம் வல்லது என்று எண்ணிவிடவேண்டா. விசையையே அழுத்தாமல் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் சக்கரங்களுக்கு ஒன்றும் தெரியாது. முப்பத்தைந்து சென்ட் வாங்கிக்கொண்டு ஐந்து சென்ட் விசையை அழுத்தினால், பொறி ஐந்து என்றே உண்மையாய்ப் பதியும். இந்த இடத்தில் பொறிக்கு ஒரு துணை வேண்டும். அத்துணை வாங்குபவரின் கண்.

அதற்காகவே எண் உயரத்தில் காட்டப்பட்டது. பின்னறையில் இருப்பவருக்கும் கேட்கும்படி மணி ஒலித்தது. அச்சிட்ட பற்றுச்சீட்டு கையில் தரப்பட்டது. வாங்குபவர் சாளரத்தை நோக்காமல், சீட்டைப் பெறாமல் சென்றுவிட்டால், அத்தனை பற்சக்கரங்களும் பாதி வீணே. பொறி செய்தவர்களால் பித்தளையில் வார்க்க முடியாத ஒரே உறுப்பு, எதிரே நிற்கும் மனிதரின் அக்கறைதான்.

பொறியின் மற்றோர் எல்லையைப் பாட்டர்சனின் வாழ்வே காட்டுகிறது. 1913 பிப்ரவரியில் அவரும் அவருடைய அலுவலர் பலரும், போட்டி நிறுவனங்களை முறைகேடான வழிகளில் நசுக்கியதற்காக நீதிமன்றத்தில் குற்றவாளிகள் எனத் தீர்ப்புப் பெற்றனர். மேல்முறையீட்டில், 1915-ஆம் ஆண்டில் அத்தீர்ப்பு விலக்கப்பட்டது. தீர்ப்பு வந்த மறுதிங்களே டேட்டன் நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அப்போது அதே பாட்டர்சன் தம் தொழிற்சாலையில் பொறிகள் செய்வதை நிறுத்திவிட்டு ஏறத்தாழ 300 மீட்புப் படகுகளைச் செய்வித்தார். வீடிழந்தோருக்குத் தொழிற்சாலையின் கதவுகளைத் திறந்துவிட்டு உணவும் உறைவிடமும் அளித்தார். ஊழியரின் கையைக் கணக்கிட்ட பொறி, அதைச் செய்தவரின் நெஞ்சில் இருந்த நன்மையையும் தீமையையும் கணக்கிட இயலவில்லை.

இன்று மிஞ்சியிருப்பது

1974 சூன் 26-ஆம் நாள், டேட்டனுக்கு அண்மையிலுள்ள டிராய் என்னும் ஊரின் கடையொன்றில், மெல்லும் கோந்துப் பொட்டலம் ஒன்றின்மேல் அச்சிட்டிருந்த கோடுகளை ஒளிக்கருவி படித்து விலையைப் பதிந்தது. பட்டைக்கோட்டு விற்பனை அன்று தொடங்கிற்று. அதன்பின் பற்சக்கரங்கள் விடைபெற்று, மின்னணுப் பொறிகள் அவ்விடத்தைப் பிடித்தன. பித்தளைப் பொறிகள் இன்று அருங்காட்சியகங்களிலும் பழம்பொருள் விரும்புவோர் இல்லங்களிலும் உள்ளன.

ஆனால் இன்றைய கணிப்பொறிக் கடையிலும், நம்மை நோக்கித் திருப்பி வைத்த திரை இருக்கிறது. அச்சிட்ட சீட்டு இருக்கிறது. ஊழியரால் மாற்ற இயலாத மொத்தக் கணக்கு உள்ளே இருக்கிறது. காட்டுதல், தருதல், காத்தல் என்னும் அம்மூன்று கடமைகளும் பித்தளைக் கணக்கன் விட்டுச்சென்றவையே.

வாசகர்களே, குடும்பத்திலும் சங்கத்திலும் பொதுப்பணம் கைமாறும் இடங்கள் நமக்கு உண்டு. அங்கே கணக்குக் கேட்டால் முகம் சுளிப்போரைக் காண்கிறோம். ‘என்மேல் நம்பிக்கை இல்லையா?’ என்று மனம் வருந்துகின்றனர். கேட்கக் கூச்சப்பட்டு வாளாவிருப்போரும் பலர். பல ஆண்டு கழித்து ஐயம் எழும்போது, குற்றமற்றவரும் வாய்மூடி நிற்கவேண்டியதாகிறது. நட்பும் உறவும் முறிகின்றன. கேட்குமுன்னே கணக்கைக் காட்டுவதும், தொகை சிறிதாயினும் சீட்டுத் தருவதும், கேட்டு வாங்குவதும் ஒருவரையொருவர் ஐயுறுவதற்கு அடையாளமல்ல. நம்மிடையே உள்ள நல்லவரின் பெயரைக் காக்கும் வழி அதுவே.

அடுத்தமுறை கடையில் பற்றுச்சீட்டை நீட்டும்போது, அதை மறுக்காமல் பெற்று ஒருமுறை படித்துப் பாருங்கள். நம் பிள்ளைகளையும் அவ்வாறே பழக்குவோம். எதிரே நிற்கும் ஊழியருக்கு நாம் செய்யும் சிறு உதவி அது.